விளக்கு வைப்பதற்குள்

நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் நீங்கள் மன்னிக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் பள்ளிப் படிப்பை முடித்துப் பயிற்சியும் எடுத்தவர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பேசச் சொன்னால் பேசமாட்டீர்கள், எழுதியாவது கொடுங்கள்" என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டேன். பொழுதும் இருக்கிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை எப்படி, மருந்து என்ன என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே வருகிறது. அதை நான் தொடவில்லை. பாடத்தில் வராத ஒன்று உண்டு. வலி இருப்பவள் தானே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். வலி இல்லாதவளைப் போய் அழைத்து வருவதுதான் நம் வேலை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ராயபுரத்தில் மரக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பெண்கள் மருத்துவ நிலையத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். அங்கே பிறகு வந்த டாக்டரம்மா ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். வெள்ளைப்படுகிறது என்றோ, பிரசவத்துக்குப் பின் உடம்பு சரியில்லை என்றோ வருகிற பெண்களுக்குக் கர்ப்பப்பையின் வாயில் மரக்குச்சியால் மெல்லத் தடவி, அதைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். முடிவு வரச் சில வாரமாகும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒன்று, சந்தேகம் என்று திரும்பி வரும். அதற்குள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், வந்ததையே மறந்திருப்பாள். அவளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவள், தெருவெல்லாம் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் நான் "கூப்பிட வர்ற அம்மா" ஆனேன்.

ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி வெள்ளைப் புடவையிலேயே போனேன். தெருமுனையில் வெள்ளை தெரிந்தவுடன், அம்மை குத்த வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகளைப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். எங்கள் நிலையத்தில் இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். வாசலில் நின்று நோயின் பேரைச் சொல்லாதே. ஏதாவது வாங்க வந்தவளைப் போலப் போ. அன்றிலிருந்து கலர்ப் புடவையும் கையில் ஒரு பையுமாகப் போனேன். மீன்காரி வீட்டில் மீன், பூக்காரி வீட்டில் பூ, உப்பளத்துக்காரி வீட்டில் உப்பு. துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைப்பதற்கு முன் மோந்து பார்த்து, "இன்னிக்குக் காரப்பொடி மீனா? யாருக்கோ சந்தேகம் போலிருக்கே" என்பார்.

இனி கன்னியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்ணூர் ஆற்று வாயருகே முகத்துவாரக்குப்பத்தில் இருந்தாள். நான்கு பிள்ளைகள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர்த் தெருக்களில் மீன் விற்பாள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு உடம்பு சுகமில்லை என்று வந்தபோது டாக்டரம்மா தடவி எடுத்து அனுப்பினார். அது சந்தேகம் என்று வந்தது. அவள் மறுபடி வரவேண்டும், அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். அது புற்றாக இருந்தால், ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைப்பாள். விட்டுவிட்டால், வலி வந்து அவளே நம்மிடம் வரும்போது நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் முதலில் போன அன்று மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வீசை சங்கரா மீன் எடை போடச் சொல்லிவிட்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"எனுக்கு எங்கியும் நோவு இல்லியே," என்றாள். "நோவு இல்லாதவள இன்னாத்துக்குக் கூப்புடுற?"

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சற்றுத் தள்ளி அவள் புருஷன் கட்டுமரத்தைப் பிரித்துக் காயவைத்து, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"உள்ள புழு பூந்துகினு கீதான்னு பாக்குறாரு. மேல நல்லாத்தான் இருக்கும். நடுக்கடல்ல ஒடஞ்சி பூடும்."

"நாங்களும் அதைத்தான் பார்க்கக் கூப்பிடுகிறோம்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்போ நான் கட்டையா?" என்றாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, "யோவ், இந்தம்மா என்னிய தட்டிப் பாக்கணுமாம்" என்று சொல்லி இன்னும் சிரித்தாள். அவர் முகம் சிவந்து கட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு ஒத்தாசை கிடைத்தது போலிருந்தது. என்னைவிடக் கூச்சப்படுகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

வருகிறேன் என்றாள். வரவில்லை. அன்று வஞ்சிரம் நிறையப் பட்டுவிட்டதாம், ஏலத்தை விட்டு வரமுடியவில்லை. மறுபடி போனேன். அடுத்த தடவை சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். நீங்கள் இதைக் கேட்டு எரிச்சல்படக் கூடாது. அவள் சொன்ன இரண்டும் உண்மை.

மூன்றாம் தடவை போனபோது ஆடி மாதம். டாக்டரம்மா அடுத்த வாரம் வெளியூர் போகிறார், திரும்ப இரண்டு மாதமாகும். அதற்கு முன் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். குப்பத்துக்குள் நுழைந்தால் வழியெல்லாம் வேப்பிலைத் தோரணம். அன்று சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டப் போகிறார்கள். காப்புக் கட்டிவிட்டால், கூழ் ஊற்றும் நாள் வரை ஊர் ஜனம் யாரும் வெளியில் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். முந்தின வருஷம் யாரோ ஒருவர் தண்டையார்பேட்டையில் மச்சினன் வீட்டில் தூங்கிவிட்டார். அடுத்த நாள் ஒரு கட்டுமரம் கவிழ்ந்து ஒருவருக்குக் கால் போயிற்று. வெளியே தூங்கினவர் வீட்டில் இன்னும் யாரும் நெருப்புக்கூட வாங்குவதில்லை என்றாள் கன்னியம்மா.

சனிக்கிழமை காலையில் வந்தால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும் என்று சொன்னேன். அவள் தன் மாமியாரைப் பார்த்தாள். அஞ்சலையம்மாள் என்று பெயர். குப்பத்தில் ஏலம் கூறுகிறவர்களே அவர் முன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"வெளக்கு வெக்கிறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடணும்," என்றார். "டாக்டரு எனுக்குத் தெரியாது. உன்னத்தான் தெரியும்."

சரி என்றேன்.

சனிக்கிழமை கன்னியம்மா சொன்னபடி வந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கோவிலுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். டாக்டரம்மா துணுக்கை எடுத்தார். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் மத்தி என்ன விலைக்குப் போகும் என்று பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா மருந்துத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்து அடைத்தார். அப்போதும் கசிந்துகொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்றிரவு இங்கேயே படுத்திருக்க வேண்டும், நாளைக் காலையில் துணியை எடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

கன்னியம்மா மெல்ல எழுந்து காலைக் கீழே வைத்தாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் வரும். "உயிரைவிடத் திருவிழா பெரிதா? எடுத்துச் சொல்லுங்கள் அவளுக்கு," என்று என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், அதனால்தான் சொல்கிறேன். அவளைப் பிடித்து நிறுத்தலாம். நான் அழுது கெஞ்சினால் ஒருவேளை இருந்திருப்பாள். ஆனால் அந்த வாரம் கடலில் ஒரு கட்டை கவிழ்ந்தால்? துணுக்கின் முடிவு வந்து, அது புற்று என்றால் அவள் மறுபடி வரவேண்டும், வந்து பல நாள் தங்க வேண்டும். அவளை யார் அனுப்புவார்கள்? அந்தக் குப்பத்திலிருந்து வேறு எந்தப் பெண்தான் வருவாள்? போகவிட்டாலோ, எண்ணூர் பஸ்ஸின் குலுக்கலில் ரத்தம் பெருகி வழியிலேயே போய்விடலாம். இரண்டு பக்கமும் உயிர்தான்.

நான் டாக்டரம்மாவிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. என் குரல் எனக்கே கேட்காத அளவில் கேட்டேன். "அவளால்தான் ராத்திரி இங்கே தங்க முடியாது. நான் அங்கே தங்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். பஸ்ஸும் கூடாது, குதிரை வண்டியும் கூடாது. குலுங்கக் கூடாது. படுத்தே போகவேண்டும். மேலே கட்டியிருக்கும் துணியில் உள்ளங்கை அளவுக்குக் கறை பரவினால், எந்த நேரமானாலும் சரி, தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். காலையில் நானே துணியை எடுத்துவிடலாம் என்றார். எப்படி எடுப்பது என்றும் செய்து காட்டினார்.

குலுங்காத வண்டிக்கு எங்கே போவது என்று நான் முழித்தேன். கட்டிலில் இருந்தபடியே கன்னியம்மா சொன்னாள்: "கால்வாயில தோணில போனா குலுங்காது."

கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்வாய்க்கரையில் சவுக்கு விறகை இறக்கிவிட்டு வெறும் தோணிகள் வடக்கே திரும்பும். எண்ணூர் வழியாகத்தான் போக வேண்டும். ரிக்‌ஷாக்காரரை நடையாகவே இழுக்கச் சொல்லி அங்கே போய்ச் சேர்ந்தோம். என் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். தோணிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அடித்தட்டில் கோணியை மடித்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தோம். வெயிலுக்கு என் புடவைத் தலைப்பைக் குடையாகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மே, சரக்கு இல்லாம போறனேன்னு பாத்தேன், நல்ல சரக்கா ஏத்திட்டீங்க," என்றார் தோணிக்காரர்.

"இந்தச் சரக்கு எறங்குற எடத்துல உனுக்கு மீனு குடுக்கும்," என்றாள் கன்னியம்மா படுத்தபடி. "பேசாம கழிய ஊனு, நைனா."

தென்காற்று இருந்தது. பாயை விரித்தார். இரு கரையும் மெல்ல நகர்ந்தன. தோணிக்காரரின் அடுப்பில் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து, கறை இருந்த இடத்தைச் சுற்றித் துணியில் ஒரு கோடு போட்டேன். கண்ணால் பார்த்து இவ்வளவு அவ்வளவு என்று நினைத்தால் பயம் பெரிதாகக் காட்டும், ஆசை சிறிதாகக் காட்டும். கோடு போட்டுவிட்டால் இரண்டும் வாயை மூடிக்கொள்ளும்.

திருவொற்றியூர் தாண்டும்போது பார்த்தேன். கறை கோட்டைத் தாண்டியிருந்தது.

துணியை மூடாமல் நான் குனிந்தே இருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். "தாண்டிச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவளைத் தைரியப்படுத்துவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த உடம்பு அவளுடையது. "ஒரு விரல் தாண்டியிருக்கு," என்றேன்.

"உம்."

வெளியே இன்னொரு கோடு போட்டேன். உள்ளங்கைக்குச் சற்றுச் சின்னதாக. "இதைத் தாண்டினால் தோணியைத் திருப்பிவிடுவேன். விளக்கு வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. அதற்கு நீ இப்போதே சம்மதிக்க வேண்டும். அப்புறம் பேசக் கூடாது."

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தோணிக்காரரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"மொதக் கோடு தாண்டியும் நீ எனுக்காகத் திருப்பாம வந்துகினு கீறே," என்றாள் கடைசியில். "சரி. இத்தத் தாண்டினா திருப்பு."

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டுதான் என்று சொல்வேன். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திரும்புவது என்பதை, பயம் வருவதற்கு முன்னால், அவளையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கத்திவாக்கத்துக்கு அருகே மறுபடி பார்த்தேன். கறை அங்கேயே நின்றிருந்தது. உப்பளங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாய் விரிந்திருந்தும் தோணிக்காரர் கழியையும் எடுத்து ஊன்றினார். யாரும் அவரிடம் அவசரம் என்று சொல்லவில்லை.

ஆற்று வாயருகே அஞ்சலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மருமகளைத் தோணியில் படுத்த நிலையில் பார்த்தவுடன் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். கன்னியம்மாவின் புருஷனும் இன்னொருவரும் கயிற்றுக் கட்டிலோடு வந்து அவளை ஏற்றினார்கள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். புடவையில் இருந்த கறையை ஒருத்தி பார்த்துவிட்டாள். காப்புக் கட்டியிருக்கும்போது தீட்டோடு எல்லைக்குள் வரலாமா என்று மெல்ல ஒரு பேச்சு எழுந்தது. நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் வந்தால் போதும் என்றே வந்துவிட்டேன். உள்ளே விடாவிட்டால் அவளை எங்கே கிடத்துவது? இருட்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சலையம்மாள் என் பக்கம் திரும்பினார். "இன்னா ரத்தம் இது?"

டாக்டரம்மா சிறிதாகச் சதை வெட்டி எடுத்தார், அந்தப் புண்ணிலிருந்து வருகிறது என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "போன வாரம் சுறா கடிச்சி உம்புருசன் கைய அறுத்துகினு வந்தானே," என்று பேச்சை எழுப்பியவளிடம் கேட்டார், "ரத்தம் சொட்டச் சொட்டக் கோயில் வாசலாண்டதான் குந்திகினு இருந்தான். அது தீட்டா?"

அவள் ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

"புண்ணு ரத்தம் தீட்டு இல்ல. வயிய வுடுங்கடி."

வழி விட்டார்கள். கன்னியம்மாவைக் குடிசைக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகுதான் கோவில் பக்கம் முதல் விளக்கு ஏற்றினார்கள். அஞ்சலையம்மாள் எனக்கு மீன் குழம்பும் சோறும் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். மருமகளுக்கு ஊட்டிக்கொண்டே அவர், "கட்டையத் தட்டிப் பாக்க அனுப்பினா, கட்டையிலயே உளி வெச்சிட்டாங்க" என்று முணுமுணுத்தார். கன்னியம்மா வாயில் சோற்றோடு சிரித்துவிட்டாள். சிரிக்காதே, கசியும் என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று. நான் ஒருவரை அதட்டியது அதுதான் முதல் தடவை.

பாயை விரித்துக் கொடுத்தபோது அஞ்சலையம்மாள் ஒன்று சொன்னார். "காப்புக் கட்டினப்புறம் ஒரு ராத்திரி இங்க தங்கினா, வந்தவங்களும் ஊரு ஜனம்தான். கூழு ஊத்துற வரிக்கும் வெளக்கு வெக்கிறதுக்குள்ள நீயும் இங்க வந்துடணும். தெரியுமில்ல?"

எனக்குத் தெரியாது. தெரியும் என்று தலையாட்டினேன்.

இரண்டாவது கோட்டைக் கறை தாண்டவே இல்லை.

துணுக்கின் முடிவு பிறகு வந்தது. புற்றுதான். ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, மிகவும் ஆரம்பம் என்றார்கள். கூழ் ஊற்றி முடிந்ததும் கன்னியம்மா தானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். அஞ்சலையம்மாள் கருவாட்டுக் கூடையோடு போய் வார்டு வாசலில் உட்கார்ந்து, பாதி நர்சுகளுக்கு வாடிக்கைக்காரி ஆகிவிட்டார். கன்னியம்மா பிழைத்தாள். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். பிறகு அந்தக் குப்பத்துக்கு நான் போனால் கூப்பிட வேண்டிய வேலையே இருக்காது. "நாளிக்கு நாலு கட்டைய இட்டாறேன்" என்று அவளே சொல்லி அனுப்புவாள்.

உங்களுக்கு இப்போது வண்டி இருக்கிறது, கார்டு இருக்கிறது, டெலிபோனும் இருக்கிறது. அவள் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு மட்டும் இன்னும் ஆள்தான் போகவேண்டும். போனால் வாசலில் நில்லாதீர்கள். உட்காருங்கள்.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலையில் டாக்டரம்மா செய்து காட்டியபடி துணியை எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது. பஸ் ஏறி நிலையத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். சரி என்றார். வீட்டுக்குப் போய்ச் சமைத்து, வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் எண்ணூர் பஸ் பிடித்து, விளக்கு வைப்பதற்குள் குப்பம் போய்ச் சேர்ந்தேன்.